அப்பாவின் கேசட்டுகள் ஃபிளாக் ஆன கதை: மன்னார்குடியில் ஏழு மாத வேலை

பதினேழாவது கேசட் நேற்று ராத்திரி முடிந்தது. உறைக்குள் இருக்கிற அட்டையில் அப்பா பென்சிலால் எழுதியிருக்கிறார்: "பங்குனி 87, வெண்ணெய்த்தாழி." ராஜகோபாலசுவாமி கோயில் பங்குனித் திருவிழா 18 நாள். வெண்ணெய்த்தாழி அன்றைக்குக் கண்ணன் தவழ்ந்த கோலத்தில் வீதி வர, தெருவே வெண்ணெயை எறியும். அந்த நெரிசலில் டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, மேளக்காரர்களுக்குப் பின்னாலேயே நடந்து பதிவு செய்தவர் அப்பா. மொத்தம் 23 கேசட்.

இவற்றில் பாதியை 2011-ல் தஞ்சாவூரில் ஒரு கடையில் கொடுத்து எம்.பி.3 ஆக்கினோம். 128 கேபிபிஎஸ், அதாவது வினாடிக்கு 128 கிலோபிட், நன்றாகவே நசுக்கியது. இரைச்சலை எடுக்கிறோம் என்று எடுத்தார்கள், முன்னும் பின்னும் "வெறும் சத்தம்" என்று வெட்டினார்கள். தவிலின் வலது பக்கமான வலந்தலையில், கூடு (விரலுறை) போட்ட விரல் விழுகிற இடத்தைக் கேட்டால் கோளாறு தெரியும். அடி விழுவதற்கு ஒரு நொடித்துளி முன்பே மணலைத் தேய்த்த மாதிரி ஒரு சத்தம் வந்துவிடுகிறது. எம்.பி.3 ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துச் சுருக்கும்போது, திடீரென்று விழும் அடியின் பிழை அந்தத் துண்டு முழுக்கப் பரவிவிடும். நாகஸ்வரத்தில் அவ்வளவாகத் தெரியாது. தவிலில் காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் இந்த முறை எல்லாமே லாஸ்லெஸ், அதாவது ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்குகிற வகை. நான் எடுத்துக்கொண்டது அதில் ஃபிளாக் என்கிற வடிவம். "கேசட்டே இரைச்சல், அதுக்கு எதுக்குடா ஃபிளாக்?" என்று சித்தப்பா கேட்டார். எனக்கு அது காது சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, சித்தப்பா. வெட்டி ஒட்டவும், ஒலியளவைச் சரி பண்ணவும், இன்னும் பத்து வருஷம் கழித்து வேறு வடிவத்துக்கு மாற்றவும் கையில் ஒரு மூலம் வேண்டும். எம்.பி.3-ஐத் திருத்தித் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். ஃபிளாக்கை நூறு முறை பிரித்துக் கட்டினாலும் ஒரு பிட்கூடக் குறையாது.

ஃபிளாக் எப்படிச் சுருக்குகிறது என்று படித்தபோது எனக்கு நம் நாகஸ்வரக் கச்சேரிதான் ஞாபகம் வந்தது. வந்த ஒலியை வைத்து அடுத்த புள்ளி எங்கே விழும் என்று கணிக்கிறது. கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கிறது. நீண்டு நிற்கிற கார்வையைக் கணிப்பது சுலபம், அதனால் ஃபைல் நன்றாகச் சுருங்கும். தவில் தனி வந்தால் கணிப்பு தவறிக்கொண்டே போகும், ஃபைல் பெரிதாகும். டேப் இரைச்சலையோ யாராலும் கணிக்க முடியாது, அது அப்படியே இடத்தை அடைக்கும்.

முதல் இரண்டு மாதம் இதில்தான் தடுமாறினேன். 24 பிட் (ஒவ்வொரு புள்ளியையும் அளக்கிற நுட்பம்), 48 கிலோஹெர்ட்ஸ் (வினாடிக்கு 48,000 புள்ளி), ஸ்டீரியோ என்று பதிவு செய்ததில் 45 நிமிடப் பக்கம் ஒன்று சுருக்காத வேவ் ஃபைலாக 778 எம்பி வந்தது. ஃபிளாக் ஆக்கியும் பெரிதாக இறங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. அப்பாவின் டேப் ரெக்கார்டர் ஒரே மைக், மோனோ. என் கேசட் டெக் அதையே இரண்டு சேனலாகத் தருகிறது. இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் ஃபிளாக் கண்டுபிடித்து ஒன்றைக் கிட்டத்தட்டப் பூஜ்யமாக்கியிருக்கும். ஆனால் இரண்டிலும் இரைச்சல் வேறு வேறு. நானே கலந்து மோனோ ஆக்கினேன். அதற்கு முன் டெக்கின் ஹெட்டில் இருக்கிற அசிமத் திருகை (ஹெட்டின் சாய்வைச் சரிசெய்வது) ஒவ்வொரு கேசட்டுக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். சாய்வு சரியில்லாமல் கலந்தால் நாகஸ்வரச் சீவாளியின் கூர்மை மங்கிப்போகும். மோனோவில் கேட்டுக்கொண்டே மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால், ஒரு இடத்தில் தாளச் சத்தம் பளிச்சென்று திறக்கும். அங்கே நிறுத்த வேண்டும்.

24 பிட்டையும் விட்டேன். பதிவு செய்யும்போது அளவு தாண்டாமல் இருக்க அது வசதி. வைத்துக்கொள்ள 16 பிட் தாராளம். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியை 16 பிட் 96 டெசிபல் வரை தாங்கும், இந்தக் கேசட்டுகள் 60-ஐக்கூடத் தொடாது. இப்போது ஒரு பக்கம் வேவில் 259 எம்பி, ஃபிளாக்கில் 140-க்குள். ஐந்தாம் நிலையில் சுருக்கினாலும் எட்டாம் நிலையில் சுருக்கினாலும் எனக்கு ஒரு சதவீதம்கூட வித்தியாசம் வரவில்லை. ஒலியில் வித்தியாசம் வரவே வராது.

ஃபைல் தயார். இனி எதில் கேட்பது? "ஃபிளாக் சப்போர்ட் உண்டு" என்று போட்டிருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன், போதாது.

முதல் பிரச்சினை இடைவெளி. ஒரு பக்கத்தை ஆலாபனை, கீர்த்தனை, தனி என்று பிரித்து வைத்தேன். தோடி ஆலாபனை முடிகிற இடத்தில் தவில் ஒரு உருட்டு கொடுத்துக் கீர்த்தனைக்கு இழுத்துப்போவார். பிரிக்கிற இடம் அந்த உருட்டுக்கு நடுவில்தான் விழுகிறது. நான் முதலில் பயன்படுத்திய பிளேயர் எந்த ஃபைலைக் கொடுத்தாலும் வாசிக்கும், ஆனால் ஒன்றை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கும்போது அரை வினாடி மௌனம். உருட்டு நடுவில் அறுந்து விழுகிறது. ஃபிளாக்கில் மொத்தம் எத்தனை சாம்பிள் (ஒலிப் புள்ளி) என்று தலைப்பிலேயே எழுதியிருக்கும், எம்.பி.3 போல முன்னால் வெற்றிடம் சேராது. அப்படியானால் தவறு ஃபைலில் இல்லை, வாசிக்கிறதில். ஃபூபார்2000-க்கு மாறினேன், உருட்டு ஒட்டிக்கொண்டது. அந்த இடத்தை அன்றைக்குப் பத்து முறையாவது கேட்டிருப்பேன்.

அடுத்தது பெயர்கள். ஃபிளாக்கின் குறிப்புகள் யூனிகோடில் இருப்பதால் தமிழிலேயே எழுதலாம், நீளம் பற்றிக் கவலை இல்லை. பழைய எம்.பி.3 குறிப்பில் தலைப்புக்கு 30 பைட்தான். தமிழில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட் போனால் பத்துக் குறியீடு. "வெண்ணெய்த்தாழி"யே கொள்ளாது! ஃபிளாக்கில் கலைஞர் என்ற வரியை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம் என்பது இன்னும் நல்ல விஷயம். இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், நான்கு பேருக்கும் தனித்தனி வரி. சில பிளேயர்கள் முதல் பெயரை மட்டும் காட்டி மற்றவர்களை விட்டுவிடுகின்றன. தவில்காரர் பெயரைக் காட்டாத பிளேயர் எனக்கு வேண்டாம்.

சிங்கப்பூரிலிருந்து மாமா அனுப்பிய ஒரு கச்சேரி மங்கீஸ் ஆடியோவில் இருந்தது, ஒரே பெரிய ஃபைலும், எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்று குறித்த ஒரு கியூ ஃபைலும். நன்றாகச் சுருக்குகிற வடிவம்தான், ஆனால் விரிக்கவும் சுருக்கின அளவுக்கே கணக்குப் போட வேண்டும். என் போன் அதைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. ஃபிளாக் ஆக்கிவிட்டேன், இழப்பு ஏதும் இல்லை. கும்பகோணத்து அக்காவிடம் ஐபோன். அதன் மியூசிக் ஆப்பில் சேர்க்க ஆப்பிளின் சொந்த லாஸ்லெஸ் வடிவமான ஆலாக் வேண்டும். ஆப்பிள் அதை 2011-லேயே திறந்த மூலமாகக் கொடுத்துவிட்டதால் மாற்றுவது சுலபம். திரும்ப விரித்து ஒப்பிட்டேன், ஒரு பிட்கூட மாறவில்லை.

மைக் செட் மாமாவிடம் பென்டிரைவில் கொடுத்தது தனி அனுபவம். மார்கழியில் காலையில் போட வேண்டும் என்று கேட்டிருந்தார். மறுநாள் போன்: "தம்பி, ரெண்டு பாட்டு பாடுது, மூணாவது தாவிடுது." ஆம்ப்ளிஃபயரில் இருக்கிற சின்ன யூஎஸ்பி போர்டு 16 பிட் ஃபிளாக்கை வாசிக்கிறது, பழைய 24 பிட்டைத் தொடவே மாட்டேன் என்கிறது. மாற்றிக் கொடுத்தேன். தெருக்கோடி வரை மல்லாரி, சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிறது, கேட்டது.

ஒரு தடவை பயந்துபோனேன். ஃபிளாக் ஒவ்வொன்றுக்குள்ளும் மூல ஒலியின் எம்டி5 கைரேகை, அதாவது ஒலி மாறினால் தானும் மாறிவிடுகிற ஒரு சோதனை எண், இருக்கிறது. மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் சோதிப்பேன். பழைய ஹார்ட்டிஸ்க்கில் ஒன்பதாவது கேசட் தேறவில்லை. கேட்டால் ஒரே ஒரு இடத்தில் சின்னத் துள்ளல். ஃபிளாக் ஒலியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் சுருக்குகிறது. ஒரு கட்டத்துக்கு 4096 சாம்பிள், அதாவது பத்தில் ஒரு பங்கு வினாடிக்கும் குறைவு. ஒவ்வொரு கட்டமும் தனியாக நிற்பதால் கெட்டது அது மட்டும். இன்னொரு பிரதி இருந்தது, மாற்றிவிட்டேன். அந்த ஹார்ட்டிஸ்க்கை அன்றோடு ஒதுக்கிவிட்டேன்.

அதே ஒன்பதாவது கேசட்டின் கடைசியில், கடைக்காரர் 2011-ல் வெட்டிப்போட்ட பகுதியில், மேளம் ஓய்ந்த பிறகு அப்பா பேசுகிறார். "மணி நாலே கால். தெற்கு வீதி. மழை தூறுது, நிறுத்திக்கிறேன்." பின்னால் யாரோ "மூடுய்யா, நனையுது" என்கிறார். அதை அப்படியே குறிப்பு வரியில் எழுதி வைத்தேன். அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "இன்னொரு தடவ போடு" என்றாள்.

இன்னும் ஆறு கேசட். பதினெட்டாவதில் டேப் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கிறது. டெக்கில் போடுவதற்கு முன் சுத்தம் பண்ண வேண்டும். அதை வெயில் வந்த பிறகு பார்க்கலாம், இப்போதைக்குப் பத்தொன்பதை எடுத்து வைத்திருக்கிறேன்.