பில் புத்தகத்தில் அச்சான இரண்டு எண்கள்

எங்கள் அலுவலகம் கோவை கணபதியில். பம்ப்செட் உதிரிபாக வியாபாரம். இரண்டு லேண்ட்லைன் எண்கள், இருபது வருடத்துக்கும் மேலாக பில் புத்தகத்தில் அச்சாகி வருபவை. பொள்ளாச்சி, உடுமலை கடைக்காரர்களுக்கு அந்த எண்கள்தான் மனப்பாடம். ஆஸ்டரிஸ்க் என்ற ஃபோன் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளைக் கணினியில் போட்டு, மேசைக்கு மேசை ஐபி ஃபோன் (நெட்வொர்க் ஒயரில் ஓடும் ஃபோன்) வைத்த பிறகும் அவற்றை விட மனசு வரவில்லை. இரண்டையும் புது அமைப்போடு சேர்க்கும் வேலை என்னிடம் வந்தது.

லைனுக்கு ஒன்றாக இரண்டு சின்ன கேட்வே வாங்கினேன்; பழைய லைனை ஐபி ஃபோன்களோடு இணைக்கும் பெட்டி அது. ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி இரண்டு துளைகள். எஃப்எக்ஸ்ஓ என்பதில் வெளியிலிருந்து வரும் லைனைச் செருக வேண்டும். எஃப்எக்ஸ்எஸ் என்பதில் சாதாரண ஃபோனை மாட்ட வேண்டும். மாற்றிச் செருகினால் பெட்டி போய்விடும். ஃபோனை எடுக்காதபோது லைனில் 48 வோல்ட் அளவுக்கு டிசி நிற்கும்; மணி அடிக்கும்போது 75 முதல் 90 வோல்ட் வரை ஏசி ஏறும். அதனால் மீட்டர் வைத்து எது லைன் என்று பார்த்து, ஒயரில் ஸ்டிக்கர் ஒட்டிய பிறகே செருகினேன்.

லைன்மேன் சுவர்ப்பெட்டியைத் திறந்து காட்டினார். இடி தாங்கி இருந்தது, அதன் பச்சை ஒயர் எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. "தம்பி, எர்த் இல்லாம மாட்டினா ஐப்பசி இடியில உங்க பெட்டிதான் மொதல்ல போகும்" என்றார். அன்றைக்கே எலக்ட்ரீஷியனை வரவழைத்து அந்த ஒயரைக் கட்டடத்தின் எர்த்தோடு சேர்த்தோம்.

முதல் நாளே ஒரு சிக்கல். கடைக்காரர் பேசி முடித்து வைத்துவிட்டார், ஆனால் எங்கள் லைன் விடவில்லை. வாய்ஸ்மெயிலைத் திறந்தால் 'பீப்... பீப்...' என்று பிஸி டோன் மட்டும் அரை மணி நேரம் பதிவாகியிருக்கிறது. அவ்வளவு நேரமும் அந்த எண்ணுக்கு அழைத்தவர்களுக்கெல்லாம் பிஸி. காரணம், கேட்வே அமெரிக்க டோனுக்காகக் காத்திருந்தது: 480, 620 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்தது, அரை விநாடி ஒலி, அரை விநாடி மௌனம். நம் ஊர் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், 750 மில்லிவிநாடி ஒலி, 750 மில்லிவிநாடி மௌனம். அதைப் போட்டதும் இரண்டு மூன்று பீப்பிலேயே லைன் விட்டது. அழைப்பவர் எண் தெரியாத பிரச்சினையும் இதே மாதிரிதான். எங்கள் லைனில் அது டிடிஎம்எஃப் முறையில், அதாவது பட்டன் அழுத்தும்போது வரும் ஒலிகளாக, மணிக்கு முன்பே வருகிறது, அதற்கு மாற்றியதும் எண்கள் தெரிந்தன.

ஆனால் உண்மையான ஆபத்து கம்பியில் இல்லை, இணைய வாசலிலும் டயல் விதிகளிலும் (எந்த எண்ணுக்கு அழைப்பு போகலாம் என்று ஆஸ்டரிஸ்கில் எழுதும் வரிகள்) இருக்கிறது. திருப்பூரிலிருந்து வேலை செய்யும் ஒருவருக்காக ரவுட்டரில் 5060 போர்ட்டை, அதாவது இணைய ஃபோன்கள் உள்ளே வரும் வாசலை, திறந்துவிட்டிருந்தேன். மறுநாள் காலை லாகைப் பார்த்தால் வரிசையாக முயற்சிகள்: எக்ஸ்டென்ஷன் 100, 101, 1000... யாரோ எங்கிருந்தோ கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் உள்ளே வந்திருந்தால் எங்கள் லைன் வழியாக வெளிநாட்டுக்குப் பேசியிருப்பார். பில் எங்கள் பெயரில் வரும். பில்லோடும் முடியாது. இணையத்தில் வரும் வெளியார் அழைப்பை உரிமம் இல்லாமல் உள்ளூர் லைனில் இறக்கிவிடுவது குற்றம், லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் கேட்பார்கள்.

உடனே போர்ட்டை மூடினேன். திருப்பூர்க்காரருக்கு வயர்கார்டு விபிஎன் (இணையத்தின் வழியே பூட்டிய தனி இணைப்பு) கொடுத்தேன். எக்ஸ்டென்ஷன் எண்ணையே கடவுச்சொல்லாக வைத்திருந்த நாலு ஃபோன்களுக்கு நீளமான புதுக் கடவுச்சொற்கள். அப்புறம் டயல் விதிகளை ஒவ்வொரு வரியாக வாசித்தேன். எஸ்டிடிக்காக '0-வில் தொடங்கும் எதுவும் போகலாம்' என்று ஒரு வரி இருந்தது. அதே வரியில் 00-வும் நுழைந்துவிடும், அதாவது ஐஎஸ்டி! அதை அழித்துவிட்டு, '0, அடுத்தது 1 முதல் 9-க்குள் ஓர் எண், பிறகு ஒன்பது எண்கள்' என்று கணக்காக எழுதினேன். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு 0 சேர்த்துத்தான் அழைக்க வேண்டும் என்பதால் மொபைலும் இதிலேயே அடங்கிவிட்டது. எக்ஸ்சேஞ்சிலும் எழுதிக் கொடுத்து ஐஎஸ்டியை நிறுத்தினோம். வெளியிலிருந்து வரும் அழைப்பு ரிசப்ஷனுக்கும் எக்ஸ்டென்ஷன்களுக்கும் மட்டுமே போகும். அங்கிருந்து திரும்ப வெளி லைனை எடுக்க எந்த வழியும் வைக்கவில்லை. இந்த ஒன்றை மட்டுமாவது உங்கள் அலுவலகத்தில் இன்றே பாருங்கள்.

இத்தனை பூட்டும் போட்ட பிறகு 108-க்கு டயல் செய்து பார்க்கலாம் என்று போனால், மூன்று இலக்க எண்ணுக்கு விதியே இல்லை. எனக்குப் பகீரென்றது. 108, 112 இரண்டையும் எல்லா விதிகளுக்கும் மேலே எழுதினேன்.

கடைசியாக மின்வெட்டுச் சோதனை. யுபிஎஸ்ஸையும் சேர்த்து அணைத்தேன். ஐபி ஃபோன்கள் எல்லாம் இருண்டன. கேட்வேக்குள் 'டிக்' என்று ரிலே விழுந்தது; கரண்ட் போனால் லைனை நேராகப் பழைய ஃபோனோடு சேர்க்கும் சுவிட்ச் அது. எஃப்எக்ஸ்எஸ்ஸில் மாட்டியிருந்த பழைய ஃபோனை எடுத்துக் காதில் வைத்தேன், எக்ஸ்சேஞ்சின் டயல் டோன் நேராகக் கேட்டது. அந்த ஃபோன் வாட்ச்மேன் அண்ணன் மேசையில் இருக்கிறது.