மோன் ஃபினி, மிஸ்!

என் வகுப்பில் நான் மிகவும் பயப்படும் வாக்கியம் இதுதான். "மோன் ஃபினி, மிஸ்." இங்கே மொரீஷியஸில் பேசும் கிரியோல் மொழியில் ‘முடித்துவிட்டேன், மிஸ்’ என்று அர்த்தம். முதல் குரல் எழுந்து இரண்டு நிமிடத்துக்குள் ஒரு ரப்பர் பறக்கும். மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒருத்தி அழுதுகொண்டு என் மேசைக்கு வருவாள். அந்த ரப்பருக்கும் அழுகைக்கும் நான்தான் காரணம் என்று ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருஷம் ஆனது.

மொரீஷியஸில் ஓர் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு எங்கள் நிலைமையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இங்கே பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கட்டாயம். அதற்கு மேல் விருப்பப் பாடமாக இந்தி, உருது, தமிழ், தெலுங்கு, மராத்தி, சீனம், அரபு இவற்றில் ஒன்று. 2012 முதல் கிரியோலும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. மொழிப் பாடவேளை வந்ததும் வகுப்பு துண்டு துண்டாகப் பிரியும். இந்திக்காரர்கள் ஒரு பக்கம், உருதுக்காரர்கள் ஒரு பக்கம், என் பிள்ளைகள் பதினாலு பேர் பையைத் தூக்கிக்கொண்டு எங்கே இடம் காலியோ அங்கே. எனக்கென்று ஓர் அறை கிடையாது. நானும் ஒரு பெரிய துணிப்பையோடு அலைகிறவள்தான்.

இந்த அலைச்சலில்தான் முதல் கோளாறு. ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். முதல் பிள்ளை உள்ளே வந்ததில் இருந்து நான் ‘வணக்கம்’ சொல்லும்வரை ஒன்பது நிமிடம். ஒன்பது நிமிடம் ஒன்பது வயதுப் பையனை எந்த வேலையும் கொடுக்காமல் உட்காரவைத்துவிட்டு, அப்புறம் அவனைப் ‘படிப்பில் கவனமில்லை’ என்று திட்டுகிறேன். என்ன நியாயம்?

ஆரம்ப வருஷங்களில் நான் நன்றாகக் கத்துவேன். தொண்டைக்கு மாத்திரை வாங்கியே சம்பளத்தில் கொஞ்சம் போயிருக்கும். பிறகுதான் ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளரைப் பற்றிப் படித்தேன். அவர் வகுப்பில் ஒரு மாணவன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தானாம். அவனை ஒரு அதட்டு அதட்டினார். கவனமாக இருந்த மற்றவர்களும் சட்டென்று அடங்கிப்போனார்கள். ஒருவனைத் திட்டினால் மற்றவர்களுக்கு என்ன ஆகிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. பிறகு வகுப்புகளை வீடியோவில் பதிந்து பார்த்து, 1970-இல் அதையெல்லாம் எழுதினார். கட்டுப்பாடான வகுப்புக்கும் கலவரமான வகுப்புக்கும் வித்தியாசம், தப்பு நடந்த பின் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதில் இல்லை. அதற்கு முன்னால் என்ன செய்கிறார் என்பதில்தான். யார் என்ன செய்கிறார்கள் என்று எல்லாப் பக்கமும் கண் வைத்திருப்பது, ஒரே சமயத்தில் இரண்டு விஷயத்தைக் கவனிப்பது, வேலை நடுவில் தொய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது. படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. அத்தனை கத்தலும் வீணா?

சரி. ஒன்பது நிமிடத்துக்கு ஒரு வழி பார்த்தேன். எங்கள் பிள்ளைகளின் குடும்பப் பெயர்களைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எல்லாம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் மாட்டிக்கொண்ட தமிழ்ப் பெயர்கள். ‘மூட்டூ’ என்பான் ஒருவன், அது முத்து. ‘அர்நஷெலம்’ என்றால் அருணாசலம். ‘கண்டசமி’ வேறு யார், நம் கந்தசாமிதான். அந்தப் பெயர்களைத் தமிழில் அட்டையில் எழுதிக் கதவருகே குவித்துவைத்தேன். உள்ளே வருகிறவர் தன் அட்டையைத் தேடி எடுத்தால்தான் உட்காரலாம். இரண்டாம் வாரம், பக்கத்தில் இருப்பவரின் அட்டை. மூன்றாம் வாரம், ஓர் எழுத்தை மட்டும் தப்பாக எழுதிவைத்துவிடுவேன், கண்டுபிடிக்க வேண்டும். நான் பையைத் திறந்து முடிப்பதற்குள் பாதிப் பேர் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார்கள். ‘முத்து’ என்றால் சிப்பிக்குள் இருக்கும் முத்து என்று தெரிந்த அன்று அந்தப் பையனின் நடையே மாறிவிட்டது.

‘மோன் ஃபினி’க்கு மருந்து இவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. சீக்கிரம் முடித்தவர்களுக்கு முதலில் இன்னொரு பயிற்சித்தாள் கொடுத்தேன். பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. சீக்கிரம் முடித்தால் தண்டனையாக இன்னும் வேலை வரும் என்று ஒரே வாரத்தில் புரிந்துகொண்டு, பென்சிலைச் சீவிச் சீவியே நேரத்தைக் கழித்தார்கள். அப்புறம் நட்சத்திர ஸ்டிக்கர். மூன்று வாரம் பிரமாதம். நாலாவது வாரம் ஒருத்தி, "இதற்கு எத்தனை ஸ்டார், மிஸ்?" என்று கேட்டுவிட்டு, ஒன்றுதான் என்றதும் நோட்டை மூடிவைத்தாள். அதோடு ஸ்டிக்கர் வியாபாரத்தை நிறுத்தினேன்.

திருப்பம் சந்தையில் இருந்து வந்தது. ரோஸ் ஹில் சந்தையில் ஒரு சனிக்கிழமை காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் தமிழர் இல்லை, ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. "கொத்தோமிலி வேண்டுமா, மதாம்?" என்றார். கையில் கட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். கொத்தமல்லி! இந்தத் தீவில் எல்லோருக்கும், சீனருக்கும் கூட, அது கொத்தோமிலிதான்.

திங்கட்கிழமை கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடது பக்கம் நீங்கள் வீட்டில் சொல்லும் பெயர், வலது பக்கம் தமிழ். கொத்தோமிலி, கொத்தமல்லி. பிப்பங்காய், பீர்க்கங்காய். ப்ரெத் மூரூம் என்று கீரைக்காரி கூவுவது முருங்கை. கரிபூலே, கறிவேப்பிலை. ரசோன், ரசம். ஒருவன் கை தூக்கி, "அயோ?" என்றான். நான் என்னவோ வலிக்கிறது போல என்று பார்த்தேன். அவன் கேட்டது, தினமும் எல்லோரும் சொல்லும் ‘அயோ’வும் தமிழா என்று. அட, ஐயோ! எனக்கே தோன்றவில்லை.

அன்று மணி அடித்தபோதும் பட்டியல் முடியவில்லை. தமிழே தெரியாது என்று நினைத்துக்கொண்டு வந்த பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சமையலறையைக் குடைந்தார்கள். இந்த வேலைக்கு முடிவே இல்லை, அதனால் யாரும் முடித்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை. எனக்குத் தேவைப்பட்டது இதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. பயிற்சித்தாளில் பத்துக் கேள்வி இருந்தால் பத்தாவதில் கதவு திறந்துகொள்கிறது. சந்தைப் பட்டியலில் கதவே கிடையாது.

அடுத்த வாரம் நூறு ரூபாய் நோட்டு. எங்கள் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் உண்டு. 1998-இல் புதிய நோட்டுகளில் தமிழின் இடத்தை மாற்றி இந்திக்குப் பின்னால் வைத்ததற்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பி, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். நூறு ரூபாயில் இருக்கும் முகம் ரெங்கநாதன் சீனிவாசன், இந்த நாட்டின் கல்வி அமைச்சராக இருந்த தமிழர். அந்தப் பிள்ளைகள் தினமும் கையில் வைத்திருந்த தாளை முதல்முறை வாசித்தார்கள். (பாடம் முடிந்ததும் நோட்டு எனக்குத் திரும்பி வந்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? வந்தது, நன்றாகக் கசங்கி.)

கேள்வி கேட்பதிலும் ஒரு சின்ன விஷயம். கேள்வியைக் கேட்ட கையோடு நானே பதிலையும் சொல்லிவிடும் வியாதி எனக்கு உண்டு. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் ஆசிரியர்கள் பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அளந்தார். சராசரி சுமார் ஒரு நொடி. அதை மூன்று நொடியாக நீட்டினால், பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி என்ன பெரிய விஷயம் என்று நினைப்பீர்கள். பதினாலு முகங்கள் பார்த்துக்கொண்டிருக்க, வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிப்பாருங்கள், தெரியும். எனக்கு இன்னமும் இரண்டுக்கு மேல் போவது கஷ்டம். ஆனால் சன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் சரியாக மூன்றில்தான் வாய் திறப்பாள். அவளுக்குப் பேச வராது என்றே இரண்டு தவணை நினைத்திருந்தேன்.

எல்லா நாளும் இப்படி நடப்பதில்லை. மழை நாளில் நடக்காது. புயல் எச்சரிக்கை முதல் கட்டத்தில் இருந்தால் இன்னும் மோசம். இரண்டாம் கட்டம் வந்தால் பள்ளி மூடிவிடும் என்பதால், பிள்ளைகளின் ஒரு காது எப்போதும் வானொலிச் செய்தியில். அந்த நாளில் நான் போராடுவதில்லை, கதை சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் நிறங்கள் பாடம். வண்ண அட்டைகளை வெட்டி, பின்பக்கம் காந்தம் ஒட்டி, இரவு பதினொரு மணிவரை தயார் செய்திருந்தேன். வகுப்பு ஆரம்பித்த உடனே அந்த முத்து, சந்தைப் பட்டியல் நினைவில், பாட்டி வீட்டுத் தோட்டத்தில் இருந்து ஒரு முருங்கைக் கொப்பை அப்படியே பையில் திணித்துக்கொண்டு வந்து மேசைமேல் போட்டான். கொப்பு நிறைய எறும்பு. ஒரு நொடியில் மேசை, நோட்டு, என் புடவை எல்லாம் எறும்பு. பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறிவிட்டார்கள், "அயோ மிஸ், அயோ மிஸ்!" பக்கத்து அறையில் இருந்து உருது ஆசிரியர் எட்டிப்பார்த்துவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

கத்தலாமா என்று யோசித்தேன். தொண்டை இடம் கொடுக்கவில்லை. சாக்பீஸை எடுத்து ‘எறும்பு’ என்று பலகையில் எழுதினேன். சன்னலோரப் பெண் குனிந்து பார்த்து, மூன்று நொடி கழித்து, "இது சிவப்பு இல்லை மிஸ், கறுப்பு" என்றாள். உடனே பெஞ்சுமேல் நின்ற ஒருவன், தன் பக்கம் இருப்பது சிவப்புதான் என்று சண்டைக்கு வந்தான். காந்த அட்டைகள் இன்னும் பையிலேயே இருக்கின்றன.