சிபுல்ஸ்கியை எந்தப் படத்திலிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

போலந்துத் திரைப்பட நடிகர் ஸ்பிக்னியெவ் சிபுல்ஸ்கி பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் முதல் வரியிலேயே 'போலந்தின் ஜேம்ஸ் டீன்' வந்து விழுந்துவிடும். கறுப்புக் கண்ணாடியையும் அகால மரணத்தையும் சேர்த்து ஒட்டிய பட்டம் அது. ஹாலிவுட் நடிகரான டீன் 24 வயதில் போனவர். சிபுல்ஸ்கிக்குச் சாகும்போது 39. அந்தக் கூடுதல் ஆண்டுகளில் தனக்குப் புகழ் தந்த பிம்பத்தைத் தானே உடைக்கிற வேலையையும் அவர் செய்தார். பட்டத்தைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அதைப் பார்ப்பதில்லை.

பிறந்தது 1927 நவம்பர் 3, இன்று உக்ரைனில் இருக்கும் க்னியாஷே கிராமத்தில். கிராக்கோவ் நாடகப் பள்ளியில் படிப்பு முடித்ததும் க்தான்ஸ்க் நகரின் நாடகக் குழுவுக்குப் போனார். அங்கே 1954இல் நண்பர் போகுமில் கோபியெலாவோடு சேர்ந்து தொடங்கியதுதான் 'பிம்-பொம்' மாணவர் நாடகம். வசனத்தைக் குறைத்து, சைகையாலும் கையில் கிடைத்த பொருளாலும் கதை சொல்லும் துண்டு நாடகங்கள். அவருடைய திரை நடிப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஒரு பொருளைக் கையில் கொடுத்துவிட்டால் போதும், மனிதர் வசனத்துக்குக் காத்திருக்க மாட்டார்.

போலந்து இயக்குநர் ஆந்த்ரே வாய்தாவின் முதல் படத்தில் (1955) ஒரு சின்ன வேடம் கிடைத்தது. மூன்றே ஆண்டில், அதே வாய்தாவின் 'ஆஷஸ் அண்ட் டயமண்ட்ஸ்' வந்தது. கதை நடப்பது 1945 மே 8, ஐரோப்பாவில் போர் முடியும் நாள். மாச்செக் என்ற இளைஞன் ஜெர்மானியரை எதிர்த்த தலைமறைவுப் படையிலிருந்தவன். இப்போது ஒரு கம்யூனிஸ்ட் தலைவரைச் சுட்டுக் கொல்ல உத்தரவு.

உடையலங்காரப் பிரிவு கொடுத்த 1945 பாணி உடைகளை சிபுல்ஸ்கி ஒதுக்கிவிட்டார். தன் சொந்த ஜாக்கெட், இறுக்கமான கால்சட்டை, கறுப்புக் கண்ணாடியோடு கேமரா முன் வந்தார். வரலாற்றுப் படத்தில் இது பிழைதான். ஆனால் அந்தப் பிழைதான் படத்தைக் காப்பாற்றியது. 1958இல் திரையரங்கில் உட்கார்ந்திருந்த இளைஞன் திரையில் பார்த்தது பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய ஆளை அல்ல, தன்னைப் போலவே உடுத்திய ஒருவனை. கண்ணாடிக்குக் கதைக்குள்ளேயே காரணமும் உண்டு: ஜெர்மானியருக்கு எதிரான 1944 வார்சா எழுச்சியின்போது சாக்கடைக் குழாய்களில் வெகுநேரம் கிடந்ததால் கண் கெட்டுவிட்டதாம். நிஜத்திலும் சிபுல்ஸ்கிக்குப் பார்வை மங்கல்.

மதுக்கூடக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மது பரிமாறும் மேடைமீது வரிசையாகச் சிறு கோப்பைகளில் சாராயம். ஒவ்வொன்றாகத் தீக்குச்சி கிழித்துப் பற்றவைக்க, இறந்துபோன தோழர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றன. பின்னால், இத்தாலியில் போலந்து வீரர்கள் போரிட்ட மோன்டே காசினோவைப் பற்றிய பாடல். இந்த யோசனை உதவி இயக்குநர் யானுஷ் மோர்கன்ஷ்டெர்னுடையது என்பார்கள். துக்கம் முழுவதும் எதிரே இருக்கும் தோழன் முகத்தில்தான். சிபுல்ஸ்கியோ விளையாட்டுப் பிள்ளை மாதிரி உற்சாகமாக இருக்கிறார். இதே இடத்தில் சுமாரான நடிகர் அழுதிருப்பார், காட்சி கெட்டிருக்கும்.

கடைசியில் மாச்செக் சாவது ஊர்க் குப்பைமேட்டில். அதற்கு முன், உலர்த்திய வெள்ளைத் துணிகளுக்கு நடுவே ஓடும்போது ரத்தம் துணியில் ஊறிப் பரவுகிறது. அவன் கையை எடுத்து முகர்ந்து பார்க்கிறான். கம்யூனிஸ்ட் அரசின் அதிகாரிகளுக்கு இது எதிரிக்குக் கிடைத்த தகுந்த முடிவு. மக்களோ, இவ்வளவு நல்ல பையனைக் குப்பையில் சாகவிடுகிற அமைப்பு என்ன அமைப்பு என்று கேட்டுக்கொண்டார்கள். வாய்தாவே பின்னாளில் சொன்ன விளக்கம் இது. 1959இல் வெனிஸில் சர்வதேச விமர்சகர் பரிசு கிடைத்தது.

அதன் பிறகுதான் சிக்கல். எல்லாரும் மாச்செக்கையே திரும்பக் கேட்டார்கள், உடம்பும் கொஞ்சம் பருத்தது. வோய்ச்செக் ஹாஸ் இயக்கிய 'ஹவ் டு பி லவ்ட்' (1963) இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது ஒரு நடிகை தன் வாழ்க்கையைப் பணயம் வைத்து ஒளித்துக் காக்கும் ஆளாக சிபுல்ஸ்கி. நன்றிகெட்டவன், தற்பெருமைக்காரன், போர் முடிந்ததும் குடித்துக்கொண்டு தன் வீரத்தைப் பற்றிக் கதைவிடுபவன். மாச்செக்கைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் அடி பலமாக விழும். தாதேயுஷ் கோன்விட்ஸ்கியின் 'சால்டோ' (1965) இன்னும் ஒரு படி மேல். பழைய கண்ணாடி, ஜாக்கெட் எல்லாம் அப்படியே இருக்கும், அவற்றை மாட்டியிருப்பவன் மட்டும் நம்ப முடியாத ஆள். ஓடும் ரயிலிலிருந்து அவன் குதிப்பதில்தான் அந்தப் படம் ஆரம்பிக்கிறது.

1967 ஜனவரி 8 விடியற்காலை, வ்ரோட்ஸ்வாவ் நிலையத்தில் நகரத் தொடங்கிவிட்ட வார்சா ரயிலில் ஏறப் பாய்ந்தபோது கால் தவறி அடியில் விழுந்தார். படங்களில் வரும் ரயில்களைக் காட்டி இதை விதி என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கடைசி நொடியில் ஓடும் ரயிலைத் தாவிப் பிடிப்பது அவருக்குப் பழக்கம், ஒரு நாள் தவறியது. அவ்வளவுதான். வாய்தா 1969இல் எடுத்த 'எவ்ரிதிங் ஃபார் சேல்' படப்பிடிப்புக்கு வராத ஒரு நடிகனைத் தேடும் கதை. அந்த நடிகன் யார் என்று போலந்தில் யாருக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பார்க்கும் வரிசை: முதலில் 'ஆஷஸ் அண்ட் டயமண்ட்ஸ்', அடுத்து 'ஹவ் டு பி லவ்ட்', பிறகு 'சால்டோ'. 'எவ்ரிதிங் ஃபார் சேல்' இவை மூன்றுக்கும் பின்னால்தான், முன்னால் பார்த்தால் பாதி புரியாது. கண்ணாடி இல்லாத, சிரிக்க வைக்கிற சிபுல்ஸ்கி வேண்டுமென்றால் ஹாஸின் 'தி சரகோசா மேனுஸ்கிரிப்ட்' (1965). கதைக்குள் கதை, அதற்குள் இன்னொரு கதை என்று போகும் படம். வெளிநாடுகளில் வெட்டிக் குறைத்த பிரதிகளும் சுற்றுகின்றன, அவற்றில் முடிச்சுகள் அறுந்து தொங்கும். ஓடும் நேரம் மூன்று மணி நேரத்தை ஒட்டி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.