கேட் தரவு அறிவியல் தாளுக்குப் படித்த அனுபவம்

2024-ஆம் ஆண்டு முதல், பொறியியல் முதுநிலைப் படிப்புகளுக்கான கேட் நுழைவுத் தேர்வில் தரவு அறிவியலுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் எனத் தனித் தாள் ஒன்று நடத்தப்படுகிறது. அதற்குத் தயாரானபோது முதல் இரண்டு மாதங்களை இயந்திரக் கற்றல் காணொளிகளிலேயே கழித்தேன். கலைச்சொற்கள் எல்லாம் பழகிவிட்டன. ஆனால் மாதிரித் தாளைக் கையில் எடுத்தபோது, கணக்கிட்டு எண்ணையே விடையாகத் தரவேண்டிய கேள்விகளில் பெரும்பாலானவற்றை என்னால் முடிக்க இயலவில்லை. அவ்வகைக் கேள்விகளில் ஊகிப்பதற்குத் தெரிவுகளே கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் உள்ள கேள்விகளிலோ, அவற்றில் ஒன்றை விட்டாலும் மதிப்பெண் கிடைக்காது.

ஆகவே காணொளிகளை நிறுத்திவிட்டு, நிகழ்தகவையும் நேரியல் இயற்கணிதத்தையும் தாளும் பென்சிலுமாகத் தொடக்கத்திலிருந்து படித்தேன். புதிய தகவல் கிடைத்தபின் நிகழ்தகவு எப்படி மாறும் எனக் கூறும் பேயீஸ் தேற்றத்தைச் சூத்திரமாக மனப்பாடம் செய்வதை விட்டு, ஆட்களின் எண்ணிக்கையாக எழுதிப் பார்த்தது பெரிதும் உதவியது. 10,000 பேரில் 100 பேருக்கு ஒரு நோய் இருப்பதாகவும், பரிசோதனை அவர்களில் 99 பேரைச் சரியாகக் கண்டறிவதாகவும், நோயற்ற 9,900 பேரில் 5 விழுக்காட்டினரை, அதாவது 495 பேரை, நோயாளிகள் எனத் தவறாகக் காட்டுவதாகவும் கொள்வோம். நோய் இருப்பதாக முடிவு வந்த 594 பேரில் உண்மையான நோயாளிகள் 99 பேர், அதாவது ஆறில் ஒரு பங்கினர் மட்டுமே. இதை நானே எழுதிக் கண்டபின், அதே தேற்றத்தைக் கொண்டு தரவுகளை வகை பிரிக்கும், பாடத்திட்டத்தில் உள்ள நைவ் பேயீஸ் வகைப்படுத்தி எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

இந்த அடித்தளத்தின் பயன் தேர்வோடு முடியவில்லை. இன்றைய செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளுக்கு அடிப்படையான டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பை அறிமுகப்படுத்திய 2017-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையை அண்மையில் படித்தேன். அதில் இரு வெக்டர்களின் (எண் வரிசைகளின்) புள்ளிப் பெருக்கத்தை, அதாவது ஒத்த இடத்து எண்களைப் பெருக்கிக் கூட்டிய தொகையை, அந்த வெக்டர்களின் பரிமாண எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்கிறார்கள். பரிமாணம் 64 என்பதால் வகுக்கும் எண் 8. முன்பு நான் இதைக் கேள்வியின்றிக் கடந்து சென்றிருப்பேன். கூறுகள் ஒன்றையொன்று சாராதவை, அவற்றின் சராசரி 0, விலக்க வர்க்கச் சராசரி 1 என்று கொண்டால், 64 பெருக்கற்பலன்களின் கூட்டுத்தொகைக்கு விலக்க வர்க்கச் சராசரி 64, திட்டவிலக்கம் 8 என வருகிறது. அந்த 8-ஆல் வகுக்காவிட்டால் மதிப்புகள் பெரிதாகி, அவற்றை எடைகளாக மாற்றும் சாஃப்ட்மேக்ஸ் சார்பு ஏறக்குறைய ஒரே இடத்திற்கு முழு எடையையும் தந்துவிடும். மாதிரியைத் திருத்த வழிகாட்டும் சாய்வு மிகச் சிறியதாகிப் பயிற்சி தடைப்படும். இரண்டே வரிகளில் இதை நானே வருவித்த அன்று அடைந்த மகிழ்ச்சி இன்னும் மாறவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் இத்தாளின் பாடத்திட்டத்தில் இல்லை. ஆயினும் அங்கே படிக்கும் கணிதம்தான் அந்தக் கட்டுரையைத் திறந்து காட்டியது.

தரவுத்தளப் பகுதிக்கு தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டுப் பெறும் எஸ்கியூஎல் மொழி வினவல்களையும், ஒரே தரவு திரும்பத் திரும்ப வராமல் அட்டவணைகளைப் பிரித்தமைக்கும் இயல்பாக்கத்தையும் பயிற்சி செய்தாலே பெரும்பகுதி கைவசமாகிவிடும். பொதுத் திறனுக்குரிய 15 மதிப்பெண்களை மட்டும் இறுதி வாரத்திற்குத் தள்ளிவைக்காதீர்கள். பைத்தான் நிரல்களைக் கணினியில் ஓட்டுவதற்கு முன், ஒவ்வொரு மாறியின் மதிப்பும் அடுத்தடுத்து எப்படி மாறுகிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி, வெளியீட்டை முதலில் நீங்களே கணித்துவிடுங்கள்; தேர்வு அறையில் நிரலை ஓட்டிப் பார்க்க வசதி இராது.