புழுக்கொடியலும் ஐந்தாம் நரம்பும்

எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை தாருங்கள் என்று சங்கச் செயலாளர் இரண்டு தடவை தொலைபேசி எடுத்துவிட்டார். கிரிக்கெட்டைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் ஆண்டுதோறும் யாராவது எழுதிவிடுகிறார்கள். நான் எழுத நினைப்பது ஒரேயொரு பாடவேளையைப் பற்றி. 1976ஆம் ஆண்டு, பங்குனி மாதம், விலங்கியல் ஆய்வுகூடம், நாற்பது நிமிடம். அன்று படித்ததை வைத்துத்தான் இன்றுவரை நான் உழைத்துச் சாப்பிடுகிறேன்.

அந்த ஆய்வுகூடம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் போமலின் மணம், கண்ணாடி அலுமாரிக்குள் நாயின் மண்டையோடு ஒன்று, ஆட்டின் மண்டையோடு ஒன்று, யன்னலுக்கு வெளியே வேப்பமரம். எங்கள் விலங்கியல் மாஸ்ரர் அன்று ஓர் ஓலைப்பெட்டியோடு வந்தார். பெட்டிக்குள் புழுக்கொடியல். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளும் இந்த மலரைப் புரட்டுவார்கள் என்பதால் சொல்கிறேன்: பனங்கிழங்கை அவித்து, கிழித்து, நல்ல வெயிலில் காயவிட்டால் கிடைப்பது புழுக்கொடியல். காய்ந்த பிறகு விறகுத் துண்டு மாதிரி இருக்கும். கடிக்கத் தொடங்கினால் சுலபத்தில் விட மனம் வராது.

ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். "இப்ப வாயிலை வைக்கக் கூடாது. இரண்டு சுட்டுவிரலையும் காதுக்கு முன்னாலை வையுங்கோ. வாயைத் திறந்து மூடுங்கோ."

திறந்தோம், மூடினோம்.

"என்ன தெரியுது?"

"ஏதோ உருளுது சேர்."

"உருளுறது மட்டுமோ? இன்னும் பெரிசாத் திறந்து பாருங்கோ."

பெரிதாகத் திறந்தபோது விரலுக்குக் கீழே இருந்த உருண்டை முன்னுக்கு ஓடியது. அது இருந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. மூடியதும் உருண்டை திரும்பி வந்து பள்ளத்தை நிரப்பியது. பதினேழு வருடமாக என் முகத்திலேயே இருந்த ஒன்றை நான் தொட்டுப் பார்த்தது அன்றுதான்.

அப்புறம் மாஸ்ரர் கரும்பலகைப் பக்கம் போகாமல் அலுமாரிப் பக்கம் போனார். கதவைத் திறந்து காட்டி, "இது பிணைச்சல்" என்றார். மேசை லாச்சியை இழுத்துக் காட்டி, "இது வழுக்கல்" என்றார். "உங்கடை தாடை மூட்டு இரண்டும் சேர்ந்தது. முதலிலை பிணைச்சல் மாதிரிச் சுழலும், பிறகு லாச்சி மாதிரி முன்னுக்கு வரும்."

இதைவிடத் தெளிவாக அந்த மூட்டை விளக்கியவரை நான் இன்றுவரை சந்திக்கவில்லை. கீழ்த்தாடை எலும்பின் குமிழுக்கும் மண்டையோட்டின் குழிக்கும் இடையில் நார்த்திசுவாலான ஒரு சிறு தட்டு இருக்கிறது. அது மூட்டின் உள்ளிடத்தை மேல் அறை, கீழ் அறை என்று இரண்டாகப் பிரிக்கிறது. கீழ் அறையில் சுழற்சி நடக்கும், மேல் அறையில் வழுக்கல் நடக்கும். வாய் முதல் இரண்டு சென்ரிமீற்றர் அளவு திறக்கும்வரை பெரும்பாலும் சுழற்சிதான். அதற்கு மேல் போனால் குமிழ் தட்டையும் கூட்டிக்கொண்டு முன்னால் உள்ள மேட்டை நோக்கி இறங்கும். நல்ல மூட்டென்றால் வாய் நான்கு, ஐந்து சென்ரிமீற்றர் திறக்கும். உங்கள் கையின் மூன்று விரல்களை நிமிர்த்தி முன்பற்களுக்கு இடையில் வைத்துப் பார்த்தால் தெரியும். இன்னொன்று, இடமும் வலமும் ஒரே எலும்பின் இரு முனைகள். ஒரு முழங்காலை மடக்காமல் மற்றதை மடக்கலாம். தாடையில் அது நடக்காது. ஒரு பக்கம் பழுதானால் மற்றப் பக்கமும் சேர்ந்து வருந்தும்.

"சரி, இப்ப சப்புங்கோடா."

முப்பது பெடியள் ஒரேநேரத்தில் புழுக்கொடியல் கடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நெற்றிப்பொட்டில் கை வைக்கச் சொன்னார். அங்கே விசிறி மாதிரி விரிந்து கிடக்கிறது ரெம்பொராலிஸ் தசை. கடிக்கும்போது அது புடைக்கும். பிறகு கன்னத்தின் பின்பக்கம் கை வைக்கச் சொன்னார். அங்கே மசெற்றர், கல்லுப்போல இறுகியது. சப்பும் தசைகள் நான்கு; மற்ற இரண்டும் உள்ளுக்குள் இருப்பதால் வெளியிலிருந்து விரலுக்கு எட்டாது. உட்பக்க ரெரிகொயிட் தாடையின் கோணத்தை உள்ளிருந்து தாங்க, மசெற்றர் வெளியிலிருந்து தாங்குகிறது. இரண்டும் சேர்ந்து குழந்தையை வளர்த்தும் ஏணை மாதிரித் தாடையைத் தூக்கிப் பிடிக்கின்றன. நான்காவது, வெளிப்பக்க ரெரிகொயிட். மற்ற மூன்றும் வாயை மூட, இது குமிழை முன்னுக்கு இழுத்து வாய் திறக்க உதவும். வலது பக்கத்துத் தசை மட்டும் இழுத்தால் நாடி இடப்பக்கம் போகும். அதையும் செய்து பார்க்கச் சொன்னார். முப்பது பேரும் மாடு அசைபோடுவதுபோல நாடியை ஆட்டிக்கொண்டிருந்தபோது அதிபர் வாசலைக் கடந்து போனார். மாஸ்ரர் அசையவேயில்லை.

"சோத்திலை கல்லுக் கடிபட்டால் உடனை வாய் திறக்குதே, ஆர் சொல்லித் திறக்குது?" என்று கேட்டார். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஐந்தாம் மண்டையோட்டு நரம்பு என்றார். மூன்று கிளை. நெற்றிக்கு ஒன்று, மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று. மூன்றும் உணர்ச்சியைக் கொண்டுபோகும். தசைக்குக் கட்டளை கொண்டுவருவது மூன்றாவது கிளை மட்டும்தான். சப்பும் தசை நான்கையும் ஆட்டுவது அது ஒன்றே.

மணி அடிக்கப் போகிற நேரத்தில் நாயின் மண்டையோட்டையும் ஆட்டின் மண்டையோட்டையும் மேசையில் வைத்தார். நாயின் மூட்டுக் குழி குமிழை இறுகப் பிடித்திருக்கிறது. அதனால் தாடை மேலும் கீழும்தான் போகும், இறைச்சியை வெட்ட அது போதும். ஆட்டின் மூட்டு தட்டையானது, பக்கவாட்டில் அரைக்கும். "இதைக் கேளுங்கோ" என்று குரலைத் தாழ்த்தினார். ஊர்வனவற்றின் தாடை மூட்டில் இருந்த இரண்டு எலும்புகள், முலையூட்டிகள் தோன்றிய காலத்தில் சிறுத்துச் சிறுத்துக் காதுக்குள் போய்விட்டன. நடுக்காதிலுள்ள சம்மட்டியுருவும் பட்டடையுருவும் அவைதான். கருவில் தாடையும் காதும் வளரும் விதத்தை ஆராய்ந்து ஜேர்மனியரான ரைக்கர்ட் 1837இல் இதை எழுதினார். பல்லியின் தாடை எங்கள் காதுக்குள் இருக்கிறது என்ற எண்ணத்தோடு நான் அன்று சைக்கிளில் வீட்டுக்குப் போனேன். இரவு நித்திரை வரவில்லை.

பல் வைத்தியம் படிக்கப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முதல் நாள் மாஸ்ரரைப் பார்க்கப் போனேன். படிப்பெல்லாம் தமிழில் படித்தவன், இனி எல்லாம் ஆங்கிலம் என்ற பயம் உள்ளுக்குள் இருந்தது. அவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயைப் பற்றிச் சொன்னார். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் எங்கள் பெடியளுக்குத் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்தவர். உடற்கூற்று நூலொன்றை அவர் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் தமிழாக்கி, அது 1872இல் அச்சில் வந்தது. "சொல்லு எந்தப் பாசையிலையும் வரும் தம்பி. விரலுக்கு மூட்டுத் தெரிஞ்சால் போதும்" என்றார்.

பேராதனையில் அது அப்படியே பலித்தது. உடற்கூற்று மண்டபத்தில் கன்னத் தோலை விலக்கி, மசெற்றரை வெட்டித் திருப்பி, எலும்பில் ஒரு யன்னல் அறுத்து உள்ளே பார்த்தபோது, படம் பார்த்துப் பழகியவர்கள் திகைத்தார்கள். எனக்கு அது ஏற்கெனவே போய்வந்த வீடு மாதிரி இருந்தது. மண்டையோட்டின் அடியில் முட்டை வடிவத் துளை வழியாக இறங்கும் அந்த மூன்றாம் கிளை, அங்கிருந்து நாக்குக்குப் போகும் நரம்பு, கீழ்ப் பற்களுக்குப் போகும் நரம்பு, காதின் முன்பக்கம் வளைந்தேறி மூட்டுக்கும் பொட்டுக்கும் போகும் நரம்பு எல்லாவற்றையும் நூல் பிரிப்பதுபோலப் பிரித்தெடுத்தோம். காதுக்குள் சம்மட்டியுருவோடு ஒட்டியிருக்கும் மிகச் சிறிய தசைக்கும் இதே தாடை நரம்பிலிருந்துதான் கிளை போகிறது. எலும்பு காதுக்குக் குடிபெயர்ந்தபோது நரம்பையும் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. அதைக் கண்ட அன்று மாஸ்ரருக்கு ஒரு தபாலட்டை எழுதினேன்.

இலண்டனுக்கு வந்து, தகுதிப் பரீட்சை எழுதி, பல் வைத்தியனாக வேலை தொடங்கிய கதையை விட்டுவிடுகிறேன். எல்லோருடைய கதையும் அதுதான்.

ஒரு சனிக்கிழமை மாலை அம்மம்மா ஒருவரைப் பேரன் காரில் கொண்டுவந்தான். கொட்டாவி விட்டவருக்கு வாய் மூட முடியவில்லை. எச்சில் வடிகிறது, பேச்சு வரவில்லை, கண்ணில் பயம். பாரிசவாதம் என்று வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டார்கள். நான் அவருடைய காதுக்கு முன்னால் இரண்டு விரல்களை வைத்தேன். இரண்டு பக்கமும் பள்ளம். குமிழ் மேட்டைத் தாண்டி முன்னுக்குப் போய் மாட்டிக்கொண்டது; மூடும் தசைகள் இறுகி அதைத் திரும்ப விடாமல் பிடித்திருந்தன. பெருவிரல்களில் துணி சுற்றி, கீழ்க் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால் வைத்து, முதலில் கீழே அழுத்தி, பிறகு பின்னுக்குத் தள்ள வேண்டும். அழுத்தாமல் தள்ளினால் போகாது. தசை தளரும்வரை பொறுமையாக அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். 'டக்' என்று உள்ளே போனது. எகிப்தின் பழைய மருத்துவச் சுவடியொன்றிலேயே சொல்லப்பட்ட முறை இது. அம்மம்மா வாயை மூடி, திறந்து பார்த்துவிட்டு, "தண்ணி தா ராசா" என்றார். இனிமேல் கொட்டாவி வந்தால் நாடியைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். வயது போனவர்கள் இருக்கும் வீடுகளில் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வீட்டில் மட்டும் இழுத்துப் பார்க்க வேண்டாம், வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

இன்னொருவரை நினைக்கும்போது மனம் வேகும். அறுபதை நெருங்கிய அம்மா. முகம் கழுவினாலும் காற்றுப் பட்டாலும் வலது கன்னத்தில் மின்சாரம் அடித்த மாதிரி வலி, சில விநாடிகள், பிறகு ஒன்றுமில்லை. வேறோரிடத்தில் மூன்று பற்களைப் பிடுங்கிவிட்டார்கள். வலி போகவில்லை. இடத்தைக் காட்டச் சொன்னேன். விரல் கன்னத்துக்கு அருகில் வந்து, தொடாமல் நின்றது. பல்வலிக்காரர் கன்னத்தைப் பொத்திப் பிடிப்பார். இவர் தொடவே பயந்தார். அந்த ஐந்தாம் நரம்பு மூளையிலிருந்து புறப்படும் இடத்தில் ஓர் இரத்தக் குழாய் அதை உரசிக்கொண்டிருந்தது பிறகு எடுத்த ஸ்கானில் தெரிந்தது. கார்பமசெபின் மாத்திரையில் வலி அடங்கியது. அந்த மூன்று பற்களிலும் ஒரு பழுதும் இருந்திருக்காது.

வன்னியில் கடைசி யுத்தம் நடந்த 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் என்னிடம் வந்த எங்கள் சனத்தைப் பற்றியும் எழுத வேண்டும். காது குத்துது, காது வைத்தியர் ஒன்றுமில்லை என்கிறார் என்று வருவார்கள். மூட்டுக்கும் காதின் முன்பக்கத்துக்கும் ஒரே நரம்பு போவதால் மூட்டின் வலி காதுவலி போலத் தெரியும். மசெற்றரில் கை வைத்தால் கல். நாக்கின் ஓரத்தில் பல் அச்சு. இரவில் பல்லைக் கடிக்கிறீர்களா என்று கேட்டால் தெரியாது என்பார்கள். மடியில் தொலைபேசி இருக்கும், வன்னியிலிருந்து ஏதும் செய்தி வருமா என்று. 'பல்லைக் கடித்துக்கொண்டு இரு' என்று எங்கள் வீடுகளில் சொல்வார்களே, அதை உடம்பு அப்படியே செய்துகொண்டிருந்தது. கடைவாயில் ஐம்பது கிலோவுக்கு மேல் அழுத்தம் கொடுக்கக்கூடிய தசைகள் அவை. இரவுக்குப் போடும் பல்லுறை செய்து கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்? சிலரோடு சேர்ந்து நானும் அழுதேன்.

2021இல் சுவிற்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தார் மசெற்றரில் அதுவரை சரியாக விவரிக்கப்படாத மூன்றாவது, ஆழமான படை ஒன்று இருப்பதைக் காட்டினார்கள். இவ்வளவு வெட்டிப் பார்த்த பிறகும் கன்னத்துக்குள் புதிதாக ஒன்று. வாசித்தவுடன் மாஸ்ரருக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் கை தொலைபேசிக்குப் போனது. அவர் போய் அப்போது பல வருடங்கள்.

அவரைக் கடைசியாகப் பார்த்தது 2003இல், யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்திருந்த நேரம். கண் நன்றாக மங்கிவிட்டது. பல் ஒன்றுமில்லை. அவருக்குப் புழுக்கொடியலை இடித்து, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் கொடுப்பதாக மகள் சொன்னார். எனக்கு முழுத் துண்டாகக் கொண்டுவந்து வைத்தார். நான் கடிக்கத் தொடங்கியதும் மாஸ்ரர் கதிரையை முன்னுக்கு இழுத்து, இரண்டு கைகளையும் நீட்டி, என் காதுகளுக்கு முன்னால் சுட்டுவிரல்களை வைத்தார். விரல்கள் நடுங்கின. ஆனால் சரியான இடத்தில் வைத்தார்.

"சப்பு" என்றார்.

சப்பினேன். சிறிது நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இடப்பக்கம் தட்டு கொஞ்சம் முந்துது தம்பி. சத்தமும் வருது. எப்ப துடக்கம்?"

"பத்துப் பன்னிரண்டு வருசம் சேர்."

"நோகுதோ?"

"இல்லை சேர்."

"அப்ப விடு. ஆனால் இரண்டு பக்கத்தாலையும் சப்பு" என்று சொல்லிவிட்டு, விரல்களை எடுக்காமல், நான் அந்தத் துண்டைத் தின்று முடிக்கும்வரை அப்படியே வைத்திருந்தார்.