காலி வானம் தேடும் வேலை

விண்மீன்களுக்கு இடையே பரந்து கிடக்கும் வாயு மேகங்களை வரைபடமாக்குவது என் பணி. தரவு வருவது சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், 5,100 மீட்டர் உயரத்தில் நிற்கும் அபெக்ஸ் என்ற 12 மீட்டர் தொலைநோக்கியிலிருந்து. அதைப் பிரித்து ஆராய்வது கோத்தகிரியில்.

"நம் மலையிலேயே ஒன்று வைக்கக் கூடாதா?" என்று ஊரில் கேட்பார்கள். உதகைக்கு அருகே முத்தோரையில் 1970 முதல் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி இருக்கிறதே! பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்ந்த மலைச்சரிவு கிடைத்ததால் ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் அங்கே அதை அமைத்தார். அது வாங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டர் அலை; மூடுபனி அதற்குப் பொருட்டே அல்ல. எனக்கு வேண்டியதோ 0.87 மில்லிமீட்டர் அலை. காற்றிலுள்ள நீராவி அதை விழுங்கிவிடும். தேயிலையை வாழவைக்கும் ஈரம் இந்த வேலைக்கு ஆகாது.

மேகங்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன் மூலக்கூறு. அந்தக் கடுங்குளிரில் அது ஒளிர்வதில்லை. கூடக் கலந்திருக்கும் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு 345.8 கிகாஹெர்ட்ஸில், அதாவது அந்த 0.87 மில்லிமீட்டர் அலையில், ஒளிர்கிறது. அதைப் பிடித்துத்தான் மீதியைக் கணிக்கிறோம். நிறமாலையில் கோடாகத் தெரியும் அந்த ஒளிர்வு தன் இயல்பான அலைவரிசையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதிலிருந்து மேகத்தின் வேகம் தெரியும். ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரு மேகங்கள் படத்தில் ஒரே திட்டாகத் தெரிந்தாலும், வேகம் அவற்றைப் பிரித்துக் காட்டிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

ஆனால் நாளின் பெரும்பகுதி கழித்தலில் போகிறது. வந்து சேரும் சமிக்ஞையில் மேகத்தின் பங்கு மிகச் சொற்பம். நம் வளிமண்டலமும் கருவியும் உமிழ்வதே மிகுதி. ஆகவே வாயு இல்லாத பக்கத்து வானத்தையும் அளந்து கழிக்க வேண்டும். பால்வீதியின் தளத்தில் அப்படிக் காலியான இடம் கிடைப்பது அரிது.

"சார், இந்த ஒரு வேகத்தில் மட்டும் படத்தின் எல்லாப் புள்ளியிலும் நிறமாலையில் பள்ளம் விழுகிறது. மேகம் உறிஞ்சுகிறதா?" என்று கேட்டாள் என் மாணவி.

"உறிஞ்சலாக இருந்தால் இடத்துக்கு இடம் ஆழம் மாறுமே அம்மா. படம் முழுக்க ஒரே ஆழம் என்றால், நாம் கழித்த வானத்திலேயே வாயு இருக்கிறது."

அவள் கண்கள் விரிந்தன. தேடாத மேகம் ஒன்று அகப்பட்டுவிட்டது. பள்ளத்தை மென்பொருளால் நிரவினால் படம் அழகாகிவிடும். வாயுவின் நிறை பொய்யாகிவிடும். அதற்கு நான் ஒருபோதும் சம்மதிப்பதில்லை. நாம் கழித்த அந்த இடத்தை இன்னும் தள்ளியிருக்கும் காலி வானத்தோடு ஒப்பிட்டு அளந்து, அதன் நிறமாலையைத் திரும்பக் கூட்ட வேண்டும். அதற்கான தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பத்தை அவளே எழுதிக்கொண்டிருக்கிறாள்.