பழுது பார்க்க ஆள் வராத ஊர்

தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. முந்திரித் தோப்பும் பலாவும் வேரோடு சாய்ந்ததைத்தான் பலரும் இன்றைக்கும் சொல்வார்கள். பொது சுகாதாரக்காரர்களின் கவலை மின்கம்பத்தில் இருந்தது. கம்பம் விழுந்தால் போர்வெல் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் மேல்நிலைத் தொட்டி காயும். தொட்டி காய்ந்தால் ஜனங்கள் கைக்கு எட்டிய குட்டையிலும் கிணற்றிலும் மொள்ளுவார்கள். அதன் பின்னாலேயே வாந்திபேதி வரும். ஆனால் ஊரையே வாரிக்கொண்டு போகிற அளவுக்குக் கொள்ளைநோய் கிளம்பவில்லை. மற்ற மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஆட்கள் வந்து இறங்கினார்கள், ஜெனரேட்டர் வந்தது, லாரித் தண்ணீர் வந்தது.

இதே ஊரில் கம்பத்தில் ஏறும் லைன்மேனை ஒருவன் குறிபார்த்துச் சுடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல் லாரியைச் செக்போஸ்டில் நிறுத்திவிட்டார்கள். தூய்மைப் பணியாளருக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. போர் மக்களைக் கொல்வதில் பெரும்பங்கு இந்த வழியில்தான் நடக்கிறது. குண்டு ஒரு நாள் விழுகிறது. உடைந்த பம்பைச் சரிபார்க்க யாரும் வர முடியாத நிலை வருடக்கணக்கில் நீடிக்கிறது.

ஏமனில் நடந்தது இதற்கு அச்சு அசல் உதாரணம். 2016 பிற்பகுதியிலிருந்து அரசு ஊழியர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் நின்றது. மருத்துவமனை நர்ஸ் முதல் குப்பை அள்ளுபவர் வரை அதில் அடக்கம். 2017 ஏப்ரல் நடுவில் தலைநகர் சனாவில் கழிவுநீர் அமைப்பே நின்றுபோனது. பத்து நாளைக்குள் காலரா இரண்டாம் முறையாகக் கிளம்பியது. அந்த ஆண்டு முடிவதற்குள் காலரா என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள், இறந்தவர்கள் 2,200-க்கு மேல்.

ஈராக்கில் 1991 வளைகுடாப் போரின்போது மின்நிலையங்கள் தாக்கப்பட்டன. குடிநீர் நிலையத்தின் மேல் ஒரு குண்டுகூட விழ வேண்டியதில்லை, கரண்ட் போனாலே அது வெறும் கட்டடம்தான். அதே நாட்டில் 2007-ல் குளோரின் ஏற்றிய லாரிகளையே வெடிகுண்டாக்கினார்கள். பயந்துபோய்க் குளோரின் சரக்கை எல்லையில் தேக்கிவைத்தார்கள். அந்த ஆண்டே காலரா வந்தது.

மருந்து தெரிந்திருந்தும் கைக்கு எட்டாமல் சாவது கடலூருக்கே பழைய கதை. 1783 ஜூன் 20 அன்று கடலூர்க் கடலில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹ்யூஸும் மோதினார்கள். ஹ்யூஸின் மாலுமிகளில் ஏராளமானோர் ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) வந்து எழ முடியாமல் கிடந்தார்கள், குடிதண்ணீரும் தட்டுப்பாடு. கப்பல்களைத் திருப்பிக்கொண்டு அவர் மதராஸுக்குப் போய்விட, கடலூரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயப் படை கடல் வழி உதவியில்லாமல் நின்றது. எலுமிச்சை, ஆரஞ்சு கொடுத்தால் ஸ்கர்வி தீரும் என்று ஜேம்ஸ் லிண்ட் சோதித்துப் பார்த்தது 1747-ல். ஆங்கிலேயக் கடற்படை எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க உத்தரவிட்டது 1795-ல்.

இனி தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். அகதி முகாமானாலும் கடலூர்த் தேவனாம்பட்டினத்துப் புயல் நிவாரண மண்டபமானாலும் கணக்கு ஒன்றுதான். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர், 250 பேருக்கு ஒரு குழாய், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது உலக அளவில் ஒப்புக்கொண்ட அளவு. முதல் சில நாட்களில் 50 பேருக்கு ஒரு கழிப்பறை என்று சமாளிக்கலாம். தண்ணீர் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவது குடிப்பது அல்ல, கைகழுவுவது. அங்கிருந்துதான் நோய் பரவும்.

பிளீச்சிங் பவுடரில் நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: பவுடர் செத்துப்போயிருக்கும். புது மூட்டையில் நூற்றுக்கு 33 பங்கு வரை குளோரின் இருக்கும். வெயிலிலும் ஈரத்திலும் வாய் திறந்து கிடந்தால் அது வேகமாக இறங்கிவிடும். 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்று போடுகிறீர்கள் என்றால், நல்ல பவுடரில் லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். பவுடர் 15 பங்குக்கு இறங்கியிருந்தால் 0.6 தான். வெள்ளம் புகுந்த தொட்டியில் இருக்கும் அழுக்கே அதைத் தின்று தீர்த்துவிடும், கிருமிக்கு மிச்சமிருக்காது. மணம் வருகிறதே என்று நம்பக் கூடாது.

பவுடரை நேராகத் தொட்டியில் கொட்டுவதும் தவறு, சுண்ணாம்பு அடியில் தங்கி வால்வை அடைக்கும். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழம்பாகக் கரைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் குழாயைத் திறக்க வேண்டும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் படிகாரம் போட்டுத் தெளியவைத்து, வடித்து, அப்புறம்தான் குளோரின். சோதனையைத் தொட்டியடியில் செய்து பயனில்லை. தெருக்கோடியில் இருக்கும் கடைசிக் குழாயில் பிடித்துப் பார்க்க வேண்டும். அங்கே லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை மிச்சக் குளோரின் நின்றால் சரி.

பவுடரின் வீரியம் தெரியாதபோது எவ்வளவு போடுவது? இதற்கு விடை கண்டவர் ராணுவ டாக்டர் ஹொராக்ஸ். முதல் உலகப் போர்க் காலத்தில், போர்க்களத்துத் தண்ணீருக்காக அவர் உருவாக்கிய பெட்டியைத்தான் நம் மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு கறுப்புக் கோப்பை, ஆறு வெள்ளைக் கோப்பைகள், 2 கிராம் பிடிக்கும் கரண்டி. கறுப்புக் கோப்பையில் தலைதட்டி ஒரு கரண்டி பவுடரைப் போட்டுக் குறி வரை தண்ணீரில் கரைக்க வேண்டும். ஆறு வெள்ளைக் கோப்பைகளிலும் சோதிக்க வேண்டிய தண்ணீரை நிரப்பி, தெளிந்த கரைசலை முதல் கோப்பையில் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு என்று ஆறு வரை விட்டுக் கலக்க வேண்டும். அரை மணி நேரம் கழித்து ஒவ்வொன்றிலும் மூன்று சொட்டு ஸ்டார்ச் அயோடைடு, குளோரின் மிச்சமிருந்தால் நீலமாகும் ரசாயனம். எந்தக் கோப்பையில் முதலில் தெளிவாக நீலம் தெரிகிறதோ, அந்த எண்ணிக்கைக் கரண்டி 455 லிட்டருக்குப் போதும். மூன்றாவது கோப்பை நீலமானால் மூன்று கரண்டி, அதாவது 6 கிராம். பவுடரின் பலவீனம், தண்ணீரின் அழுக்கு இரண்டும் இந்தக் கணக்கிலேயே அடங்கிவிடும். கரண்ட் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம்.

குழாயில் நல்ல தண்ணீர் வந்தாலும் வீட்டுக்குள் கெடும். நம்மூர்க் குடம் குறுகிய கழுத்துள்ளது, சாய்த்துத்தான் ஊற்ற முடியும். இந்த விஷயத்தில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. நிவாரணப் பையில் வாளி கொடுப்பதைவிட மூடியுள்ள குடம் கொடுங்கள். வாளியில் டம்ளரும் விரலும் சேர்ந்து இறங்கும்.

நோய் வந்துவிட்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல். அது உலகத்துக்கு நிரூபணமானதும் ஒரு போரில்தான். 1971-ல் வங்கதேசத்திலிருந்து ஓடிவந்தவர்களிடையே காலரா பரவியது. எல்லையோர போன்காவ் மருத்துவமனையில் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கலந்து டிரம்மில் வைத்து, உறவினர்களையே மொண்டு கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 வரை போயிருந்த சாவு 3.6-க்கு இறங்கியது.

இன்றைக்கு இந்தக் கரைசல் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டாக வருகிறது. அதில் நடக்கும் தவறு, ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைப்பது. 200 மில்லியில் கரைத்தால் உப்பு ஐந்து மடங்காகும், குழந்தைக்கு அது ஆபத்து. பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. சர்க்கரையைக் கூட்டினால் பேதி அதிகமாகும். அட்டைப்பெட்டி ஜூஸ் இதற்கு மாற்று ஆகாது. இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூனால் மெதுவாக. 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

புதுச்சேரியை ஒட்டிக் கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. தமிழ்நாட்டு முகாம்கள் பலவற்றில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது பத்துக்குப் பத்தடி. ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் என்ற குறைந்தபட்ச அளவில் பார்த்தால் அது மூன்று பேருக்கே போதாது. அவசரத்துக்கு என்று கட்டியதில் தலைமுறையே வளர்ந்தது மனதை அறுக்கிறது. நெரிசலில் முதல் எதிரி தட்டம்மை. அதனால்தான் புது முகாமில் ஆறு மாதக் குழந்தை முதலே தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். ஒன்பது மாதத்துக்கு முன் போட்டது கணக்கில் வராது, மறுபடி போட வேண்டும்.

இலங்கையிலேயே ஆறுதலான ஒன்றும் நடந்தது. போர் நடந்த வடக்கு கிழக்கில் மலேரியா வேலையை இரு தரப்பும் பெரும்பாலும் தடுக்கவில்லை. 2012-க்குப் பிறகு மூன்று ஆண்டுக்கு மேல் உள்ளூரில் மலேரியா தொற்றவில்லை, 2016-ல் மலேரியா ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. பழுது பார்ப்பவருக்கு வழிவிட்டால் போருக்கு நடுவிலும் நோயை அடக்கலாம்.

கடைசியாக, சாவை எண்ணுவது. 10,000 பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு சாவு என்பது அபாய எல்லை. 5,000 பேர் உள்ள முகாமில் இரண்டு நாளைக்கு ஒன்று. தமிழ்நாட்டில் சாதாரண காலத்தில் அத்தனை பேருக்குப் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு சாவுதான் நேரும். ஆனால் முகாமில் ரேஷன் குறைந்துவிடும் என்று சாவை மறைப்பார்கள், அதைக் குற்றமாகப் பார்க்கக் கூடாது. சுடுகாட்டிலும் இடுகாட்டிலும் இரவு பகல் ஆள் வைத்து எண்ணுங்கள், ரேஷன் கொடுப்பவரும் சாவைப் பதிபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம்.